புட்டியிலா இருக்கிறது பாதுகாப்பு?

சம்பள நாளன்று உங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வருகிறார். கையிலே பெட்டி, பெட்டியிலே வண்ண வண்ண வைட்டமின் புட்டிகள். "அம்மா, தினம் ஒன்று விழுங்கினால் புற்றுநோய் கிட்டவே வராது" என்கிறார். உங்கள் வீட்டுக்காரருக்கோ சில வாரங்களாக வெளிக்குப் போகும்போது இரத்தம் போகிறது. "உடம்புச் சூடு, மூலமாக இருக்கும்" என்று அவரும் சும்மா இருக்கிறார். நீங்கள் 60 வெள்ளி கொடுத்து ஒரு புட்டியை வாங்கி வைக்கிறீர்கள். மனம் ஆறுதல் அடைகிறது.

சகோதரிகளே, அந்த ஆறுதல்தான் ஆபத்து!

மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடி இதுவே. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் முற்றிய நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

ஆனால் இது ஒரே நாளில் வருகிற நோயல்ல. ஐந்தடி நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவரில் முதலில் பருப்போல ஒரு சிறு கட்டி முளைக்கிறது. அது புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் கண்டு அகற்றிவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம்.

மாத்திரை தடுக்குமா?

கீரையும் பயறும் அதிகம் உண்பவர்களுக்கு இந்நோய் குறைவு என்று மருத்துவர்கள் கண்டார்கள். அவற்றிலுள்ள ஃபோலிக் என்ற வைட்டமின்தான் காரணமோ என்று எண்ணி, கட்டி அகற்றப்பட்ட 1,000க்கும் மேற்பட்டோரை வைத்துச் சோதித்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. மாத்திரையால் கட்டிகள் குறையவில்லை. மூன்றும் அதற்கு மேலும் கட்டிகள் வந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களிடையேதான் அதிகமாக இருந்தார்கள்!

வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் கட்டிகளைத் தடுக்கவில்லை என்று 1994இலேயே தெரிந்தது. வைட்டமின் டி மாத்திரையை 25,000க்கும் அதிகமானோரிடம் ஐந்தாண்டு சோதித்து 2018இல் முடிவு சொன்னார்கள். புற்றுநோய் வருவது குறையவில்லை.

அதற்காகக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் கொடுக்கும் ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அவசியம்.

உங்கள் கொல்லையிலேயே மருந்து

கீரையில் வைட்டமினோடு நார்ச்சத்தும் இருக்கிறது. புட்டியில் அது இல்லை. நார்ச்சத்து மலத்தைத் தேங்கவிடாமல் தள்ளுகிறது. குடலிலுள்ள நல்ல கிருமிகள் அதைப் புளிக்க வைத்து, குடல் சுவருக்கு ஊட்டமளிக்கும் பொருளை உண்டாக்குகின்றன. நாளொன்றுக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடினால் ஆபத்து சுமார் 10 விழுக்காடு குறைகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கணக்கிட்டார்கள். கச்சாங் பூத்தேக்காரர் விற்கும் அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பை இருந்தால் அந்த 10 கிராம் கிடைத்துவிடும்.

முருங்கைக்கீரை, காங்கோங், பச்சைப்பயறு, கேப்பைக் கூழ், கொய்யா, பப்பாளி, இவற்றில் எதற்கு 60 வெள்ளி வேண்டும்? வேலிக்கு ஒரு முருங்கைக் கிளையை நட்டுவைத்தாலே போதும்.

குறைக்க வேண்டியவையும் உண்டு. தினம் 50 கிராம் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் ஆபத்து 18 விழுக்காடு கூடும் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அறிவித்தது. மதுவும் சிகரெட்டும் இந்நோயை வளர்ப்பவை. சம்சுவைக் குடித்துவிட்டு வைட்டமினை விழுங்குவதில் என்ன பயன்?

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மலச்சிக்கலோ பேதியோ, காரணமில்லாத மெலிவு, சோகை, விடாத வயிற்று வலி. இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மூலமாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் 50 வயதானவர்கள் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டிவிடும். இரத்தம் தெரிந்தால், குழாய்க் கருவியைச் செலுத்திக் குடலைப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் அப்போதே அகற்றவும் முடியும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் 50 வயதுவரை காத்திராமல் முன்னதாகவே டாக்டரிடம் கேளுங்கள்.

"வெட்கமாக இருக்கிறது" என்பார் வீட்டுக்காரர். அரை நாள் சம்பளம் போகுமே என்பார். அரை நாள் சம்பளம் பெரிதா, பிள்ளைகளுக்கு அப்பா பெரிதா என்று கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம்.

புட்டிக்காக எடுத்து வைத்த 60 வெள்ளியில் கீரையும் பயறும் பழமும் வாங்குங்கள். மீதியைப் பஸ் கட்டணமாக வைத்துக்கொண்டு, அவரைக் கையோடு அழைத்துப் போங்கள். நாளைக்கே போங்கள்!