'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடாதீர்கள்

திண்டுக்கல் வட்டாரத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அப்பா யார்கிட்டயும் பேசுறதில்ல, சாப்பாடும் பாதிதான். வயசாச்சுல்ல?" சில மாதம் கழித்து அதே வீட்டில் "மறதி நோய்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதற்குள் ஒரு டாக்டர்கூட அவரைப் பார்த்திருக்கமாட்டார்.

அது மனச்சோர்வாக இருக்கலாம். முதுமையின் குணமல்ல அது. சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். 2017-18இல் நாடு முழுக்க நடந்த லாசி என்ற முதியோர் ஆய்வில், 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் அதன் அறிகுறிகள் தெரிந்தன. ஆனால், டாக்டர் பார்த்து நோயைக் கண்டறிந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பெரியவர்கள் பலர் அழுவதில்லை. உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை என்பார்கள். பல வருட பிரஷரும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்து, ஆர்வத்தையும் சுறுசுறுப்பையும் நடத்தும் முன்மூளை இணைப்புகளைத் தளர்த்திவிடலாம் என்கின்றன ஸ்கேன் ஆய்வுகள். "சோம்பேறியாயிட்டார்" என்று வைகிற பிள்ளைகளே, கவனியுங்கள்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அவர் விழுங்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தைராய்டு, பி12, சோடியம் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். இவை குறைந்தாலும் இதே சோர்வு வரும். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். பெரியவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். யாராவது அலைக்கழித்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை உரிமை, சலுகை அல்ல. நடக்க முடியாதவர்களுக்கு டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனை உண்டு: 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மெடிக்கலில் "தூக்க மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். அல்பிரசோலம் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதை விழுங்கிவிட்டு ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போகும். அந்த மாத்திரையால் மறதியும் கூடும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பாதியில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால் புலம்பல் என்று தள்ளாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். முயன்றுவிட்டாலும் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். அவரைத் தண்டிக்க அல்ல, சிகிச்சை தரவே அதே மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாத இடத்தில் மாத்திரை மட்டும் போதாது. 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் ஊர் திண்டுக்கல் கோட்டமா, பழனிக் கோட்டமா, கொடைக்கானல் கோட்டமா என்று வி.ஏ.ஓ.விடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிய செட்டில்மெண்ட்டை 23ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே எழுதிக் கொடுக்கும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவோடு பத்திர நகலையும் ஆதார் நகலையும் வைத்து, ஒப்புகைச் சீட்டு கையில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.