லோடு இறக்கும் முன் ஐந்து நிமிடம்

கடைக்கும் சரக்குக்கும் இன்சூரன்ஸ் எடுக்கிறோம். அந்தச் சரக்கைச் சுமக்கிற ஆளுக்கு நாம் செய்வது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடோனில் ஓர் அட்டி சரிந்து, நெடுநாளாக எங்களிடம் மூட்டை தூக்கியவரின் கால் முறிந்தது. அடிமூட்டைகள் ஈரம்பட்டு நெகிழ்ந்திருந்தது அங்கிருந்த மூவருக்கு முன்பே தெரியும். அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வைத்தியச் செலவை ஏற்றோம். ஆனால் அவர் மறுபடி மூட்டை தூக்கவே இல்லை.

அதன்பின் முதல் லாரி இறங்குமுன் ஐந்து நிமிடம் பேசுவதை வழக்கமாக்கினோம். அனுபவத்தில் கண்டவை இவை:

1. ஒரு நாளைக்கு ஒரே விஷயம். இன்று அட்டி என்றால் அட்டி மட்டுமே. மேலிருந்து படிப்படியாக எடுக்க வேண்டும், அடியில் உருவக் கூடாது. மக்காச்சோளக் குடோனில் பூச்சிமருந்து வைத்திருந்தால், அன்று அந்த விஷவாயு பற்றி மட்டும். நன்றாகக் காற்றாடவிட்டு, மருந்து வைத்தவர் சரி என்ற பிறகே உள்ளே போக வேண்டும்.

2. கல்லாவில் உட்கார்ந்து பேசக் கூடாது. அட்டியருகே நின்று, காட்டிப் பேச வேண்டும்.

3. நாம் பேசுவது பாதி, கேட்பது பாதி. "நேத்து எந்த இடத்துல பயமா இருந்துச்சு?" என்று கேட்டால் மேஸ்திரியே எல்லாம் சொல்லிவிடுவார்.

4. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஐந்து நிமிடமும் காசுதான். அந்த நேரத்துக்கும் கூலி சேர்த்துக் கொடுத்தால் காது கொடுத்துக் கேட்பார்.

5. பலகை உடைந்திருப்பதாகச் சொன்னால் அன்றே மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. பேச்சால் எடை குறையாது. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ என்பது வழக்கம். ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. ஆகவே இடுப்பை வளைக்காதே என்று புத்தி சொல்லும் நாம், தள்ளுவண்டியும் வாங்கி வைக்க வேண்டும். கைகொடுக்க இன்னோர் ஆளையும் நிறுத்த வேண்டும்.

தேசியப் பாதுகாப்புக் குழு தொடங்கிய 1966 மார்ச் 4ஆம் நாளின் நினைவாக, ஆண்டுதோறும் அன்று பாதுகாப்பு தினம் கொண்டாடுகிறார்கள். நமக்கு லாரி வரும் ஒவ்வொரு நாளும் அந்த நாள்தான். காலையில் வந்த ஆள் மாலையில் முழுசாக வீடு திரும்ப வேண்டும்.