பெயருக்கு முன்னால் ஒரு "கே"

கண்டிப் பகுதி முஸ்லிம்கள் சிலரது அடையாள அட்டையில் முஹம்மத், பாத்திமா போன்ற பெயர்களுக்கு முன்னால் நீண்டதொரு சிங்களப் பெயர் இருப்பதை வாசக சகோதரிகள் கண்டிருப்பீர்கள். விதானலாகே, முஹாந்திரம்லாகே, வெதராலலாகே என்று அது "கே"யில் முடியும். சிங்களவர் இதை வாசகம என்பர்.

சில மாதங்களுக்கு முன் கலகெதரவில் ஒரு தாய் தம் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். கலியாணப் பேச்சு நடக்கிறதாம். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்க புதுசா இஸ்லாத்துக்கு வந்தவங்களா?" என்று கேட்டார்களாம்.

"இவட பேருல ஈக்கிற சிங்களத் துண்ட வெட்ட ஏலுமா ஹஸரத்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

(புதிதாக இஸ்லாத்துக்கு வந்தால்தான் என்ன குறை? ஆரம்ப கால ஸஹாபாக்கள் அப்படி வந்தவர்கள்தாமே! அது வேறு பேச்சு.)

வெட்ட ஏலும். ஆனால் மார்க்கம் அதை வெட்டச் சொல்கிறதா? "கே" என்றால் சிங்களத்தில் "உடைய" என்றுதான் பொருள். விதானலாகே என்பது விதானையார் வீட்டுப் பிள்ளை, வெதராலலாகே என்பது வைத்தியர் வீட்டுப் பிள்ளை. அரபியில் "இப்னு", "பின்த்" என்று சொல்லித் தந்தையின் வழியைக் காட்டுகிறோமே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பிள்ளைகளைத் தந்தையரோடு சேர்த்து அழையுங்கள் என்பது அஹ்ஸாப் சூராவின் கட்டளை. ஸல்மான் (ரழி) பாரசீகர் என்றும், பிலால் (ரழி) அபிசீனியர் என்றும், ஸுஹைப் (ரழி) ரோமர் என்றும் கடைசிவரை அழைக்கப்பட்டார்கள். அந்த அடைமொழியை யாரும் அழிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியதும் உண்டு. உமர் (ரழி) அவர்களின் மகள் ஆஸியாவுக்கு ஜமீலா என்று பெயர் வைத்தார்கள். முந்திய பெயருக்கு "மாறு செய்பவள்" என்று பொருள். (பிர்அவ்னின் மனைவி ஆஸியாவின் பெயர் இதுவல்ல, அரபியில் எழுத்தே வேறு.) பொருள் கெட்டதா என்பதே அங்கே அளவுகோல். பாஷை எது என்று பார்க்கப்படவில்லை. இணைவைக்கும் பொருள் உள்ள பெயரை மாற்றத்தான் வேண்டும். விதானையாரின் பெயரில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தப் பெயர்கள் வந்த வழியையும் பிள்ளைகள் அறிய வேண்டும். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது இடம் கொடுத்தது கண்டி இராச்சியம். 1626இல் செனரத் மன்னன் சுமார் 4000 பேரைக் கிழக்கிலே குடியேற்றினான். மலையிலே குடியேறியவர்களும் உண்டு. அவர்களில் பலர் அரசனின் "மடிகே பத்த" என்ற போக்குவரத்துப் பகுதியில் சேர்ந்து தவளம் நடத்தினார்கள். பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கு கரைக்கு இறங்கியது. புத்தளத்திலிருந்து குருநாகல் வழியாகக் கண்டிப் பக்கம் வரும் ஏ-10 வீதி இன்றும் கலகெதரவைத் தாண்டித்தான் வருகிறது. மடிகே என்ற பெயருடைய முஸ்லிம் ஊர்களும் இன்னும் இருக்கின்றன. வைத்தியம் பார்த்தவர்களும் இருந்தார்கள். கெட்டபேரிய வைத்தியக் குடும்பத்தின் பெயரே "வைத்தியதிலக்க ராஜகருணா கோபால" என்பது. அரச சேவைக்குக் கிடைத்த மரியாதை அது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தவர்கள் யாருடைய வாசகமவையும் விசாரித்துவிட்டு வைக்கவில்லை. இந்தப் பெயர் கேடயமல்ல. ஆனால் "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று சொல்கிறவனுக்குக் காட்ட நம் பத்திரத்திலேயே ஒரு பதில் இருக்கும்போது, அதை நாமே கிழித்துப் போடுவது எனக்குப் புத்தியாகப் படவில்லை.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். பெயரை மாற்றினால் காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஒன்றோடொன்று பொருந்தாமல் பிள்ளை அலைய நேரிடும் என்பதையும் சொன்னேன். பெரிய வாப்பாவின் பழைய உறுதி பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் குடும்பத்தின் கதையை விபரமாகச் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவர்களுக்கு மனமில்லை என்றால் அந்தச் சம்பந்தம் போகட்டும்.

இன்னொன்று. நம் பெண்கள் கலியாணத்துக்குப் பின்னும் தந்தையின் பெயரோடுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த வாசகம போவதில்லை. அவர்களுக்கு வாப்பாவின் வழிப் பெயர்தான். ஆகவே மகள் வழிப் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டறிய உம்மும்மாவின் வாய் ஒன்றுதான் உண்டு. முழுப்பெயர் தெரிந்த மூத்தம்மாமார் இருக்கும் வீடுகளில், இந்த வாரமே அதை ஒரு கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.