போட்டோ ராசி என்று ஒன்று உண்டா?

"என்னை விட்டுடுடா. எனக்குப் போட்டோ ராசியே கிடையாது!"

உங்கள் வகுப்பிலும் இப்படிச் சொல்லும் நண்பர் ஒருவர் இருப்பார். எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு நழுவிவிடுவார். இல்லாவிட்டால், "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று காமிராவை வாங்கிக்கொள்வார். ஆண்டு முடிவில் எடுத்துப் பார்த்தால் ஒரு படத்திலும் அவர் இருக்கமாட்டார்.

நேரில் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. படத்தில் மட்டும் மூக்கு பெருத்து, கண்கள் குழி விழுந்து, முகம் கறுத்துப் போவது ஏன்? ராசிதான் காரணமா? வாருங்கள், சோதித்தே பார்த்துவிடுவோம். ஒரு செல்போன், ஓர் அளவு நாடா, வெள்ளை சார்ட் தாள் ஒன்று, சம்மதிக்கும் நண்பர் ஒருவர். இவை போதும்.

மூக்கு ஏன் பெருத்தது?

தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று மின்சார ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அருகில் உள்ள பெட்டி பெரிதாகவும், கடைசிப் பெட்டி தீப்பெட்டி அளவிலும் தெரியும். பெட்டிகள் எல்லாம் ஒரே அளவுதான். தொலைவு கூடக்கூட உருவம் சிறுக்கிறது. முகத்திலும் இதுவே நடக்கிறது. மூக்கின் நுனி முதல் பெட்டி. காது கடைசிப் பெட்டி.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக 12 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். காமிராவை மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதோடு ஒப்பிட, மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். இப்போது 150 செ.மீ. தள்ளி நில்லுங்கள். 162-ஐ 150-ஆல் வகுத்தால் 1.08. வேறுபாடு 8 சதவீதம்தான்!

2018-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் இதே கணக்கைப் போட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓரடித் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்றும், ஐந்தடித் தொலைவில் அந்தக் கோளாறு ஏறத்தாழ மறைந்துவிடும் என்றும் கண்டார்கள். கைநீட்டி எடுத்த தம்படங்களைப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிறிதாக்க அறுவை சிகிச்சை கேட்டு வந்தவர்கள்தாம் அவர்களை இந்த ஆய்வுக்குத் தூண்டினார்கள்.

செய்து பாருங்கள்: நாடாவால் அளந்து, நண்பரை 30 செ.மீ. தொலைவிலிருந்து ஒரு படமும், 150 செ.மீ. தொலைவிலிருந்து ஒரு படமும் எடுங்கள். இரண்டாவது படத்தில் முகம் சிறிதாக இருக்கும். ஓரங்களை வெட்டி இரண்டையும் ஒரே அளவாக்கி அருகருகே வையுங்கள். ஒரே முகமா என்று ஐயம் வரும்! குற்றம் லென்சினுடையது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாறியது தொலைவு மட்டுமே.

கண்கள் ஏன் குழி விழுந்தன?

தாம்பரம் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நட்டு வைத்த கம்புக்கு அப்போது நிழலே விழாது. டிசம்பர் 21 அன்றுகூட நண்பகல் சூரியன் சுமார் 54 பாகை உயரத்தில் நிற்கும்.

இப்படி மேலிருந்து வரும் வெயிலில் புருவம் ஒரு கூரைபோல் ஆகிவிடுகிறது. அதன் நிழல் கண்கள்மேல் விழுகிறது. மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழுகிறது. மதிய இடைவேளையில் மைதானத்தில் எடுத்த படங்களில் எல்லோருமே களைத்தவர்போல் தெரிவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. வானில் சூரியவட்டத்தின் அகலம் சுமார் அரைப் பாகைதான். சிறிய ஒளிமூலம் கத்தியால் வெட்டியது போன்ற நிழலைத் தரும். பெரிய ஒளிமூலத்தின் நிழலோ ஓரம் கரைந்து மென்மையாக இருக்கும். மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. மேகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டுத் திண்ணையிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ, நிழலின் விளிம்பில், வெளியே வானத்தைப் பார்த்தபடி நண்பரை நிறுத்துங்கள். வெள்ளைச் சார்ட் தாளை அவரே இடுப்பு உயரத்தில் படுக்கையாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண் குழிகளை நிரப்பிவிடும்.

வேப்பமரத்து நிழல் வேண்டாம். இலை இடுக்குகள் வழியே வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் முகத்தில் விழும். அவை ஒவ்வொன்றும் ஊசித்துளைக் காமிராவில் விழுவதுபோன்ற சூரியனின் பிம்பமே. பார்க்க அழகுதான், மூக்கின்மேல் விழுந்தால் அழகில்லை!

ஒளி சரியாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி: நண்பரின் விழியைப் பாருங்கள். விழியின் முன்பகுதி ஒரு குவியாடிபோல் வளைந்தது. வானமோ ஜன்னலோ அதில் சிறு வெண்புள்ளியாகத் தெரிந்தால் கண்ணுக்கு ஒளி போய்ச் சேர்கிறது. புள்ளி இல்லையேல் இடத்தை மாற்றுங்கள்.

முகம் ஏன் கறுத்தது?

"நான் கறுப்பு. அதான் போட்டோவில் விழமாட்டேன்" என்பார் சிலர். இது நாம் கட்டாயம் திருத்த வேண்டிய தவறு.

காமிராவின் ஒளிமானிக்கு முகம் எது, சுவர் எது என்று இயல்பாகத் தெரியாது. தன் முன்னால் இருப்பவை எல்லாம் சேர்ந்து சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதே அதன் அடிப்படை முறை. நண்பருக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ பளிச்சென்ற வானமோ இருந்தால், "ஒளி மிகுதி" என்று முடிவுகட்டிக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். இன்றைய செல்போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்துகின்றன. ஆனாலும் ஏமாறுகின்றன.

இதில் ஒரு வரலாறும் உண்டு. 1950-களிலிருந்து பல ஆண்டுகள், வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அந்தத் தோலின் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். மாநிறமும் கறுப்பும் அந்த அளவுகோலில் இடம்பெறவே இல்லை. சாக்லேட்டின் நிறமும் மரச்சாமான்களின் நிறமும் சரியாக விழவில்லை என்று அவற்றைச் செய்தவர்கள் முறையிட்டதும் பிலிம் திருந்த ஒரு காரணம் என்று கோடக்கில் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1990-களில்தான் பல நிறத்தவரும் அந்த அட்டைகளில் இடம்பெற்றார்கள். அளவுகோல் கோணலாக இருந்தால், அளக்கப்படுபவர் என்ன செய்வார்?

செய்து பாருங்கள்: வெள்ளைச் சுவருக்கு முன் ஒரு படம், மரக்கதவு போன்ற அடர்நிறப் பின்னணிக்கு முன் ஒரு படம். பிறகு மீண்டும் வெள்ளைச் சுவர். இம்முறை திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கும்போது, நிறம் அடர்ந்தவரை ஜன்னலுக்கு அருகே நிறுத்துங்கள். தோலை வெளுக்கச் செய்யும் 'அழகூட்டும்' வசதியை அணைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது நம் நண்பர்; வேறொருவர் அல்ல.

எல்லாம் சரி, ஆனாலும் அவருக்குப் பிடிக்கவில்லையே!

நீங்கள் "அச்சு அசல் நீயேதான்" என்கிறீர்கள். அவர் முகம் சுளிக்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சொல்வது சரி. நம் முகத்தை நாம் பார்ப்பது கண்ணாடியில். அதில் இடம் வலமாக, வலம் இடமாகத் தெரிகிறது. எந்த முகமும் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே படம் நமக்கு ஏதோ மாறியதுபோல் படுகிறது. 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், மாணவிகளிடம் அவர்களின் இருவகைப் படங்களையும் காட்டினார்கள். மாணவிகளுள் பெரும்பாலோர் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினர். அவர்களின் தோழியரோ நேர்ப்படத்தை விரும்பினர். பழகிய முகமே பிடித்த முகம்! படத்தை இடவலமாகத் திருப்பி நண்பரிடம் காட்டுங்கள். அவர் முகம் மலர்கிறதா என்று பாருங்கள்.

இனிப் பயிற்சியைத் தொடங்கலாம். உங்கள் தாத்தா காலத்து அக்பா கிளிக் III காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தாம். நீங்களும் ஒரு நண்பருக்கு 12 என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தொலைவு, நேரம், ஒளி வந்த திசை, பின்னணி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது எதைச் செய்தது என்று தெரியும். சம்மதம் கேட்டே எடுங்கள். அவர் அழிக்கச் சொன்னால் உடனே அழித்துவிடுங்கள். கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

முதலில் யாரை எடுப்பது என்கிறீர்களா? பின்வரிசைக்கு நழுவுகிறாரே, அவரைத்தான். ஐந்தடி தள்ளி, திண்ணை நிழலில், கையில் வெள்ளைத் தாளோடு நிறுத்துங்கள். அடுத்த முறை அவர் ராசியைப் பற்றிப் பேசமாட்டார்.