கையகல மூடியும் கடைக்காரர் கடமையும்

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. தேர் விற்கிறவர் ஊருக்குப் பலர் இருப்பார்கள். அச்சாணி விற்கிறவர்தான் அகப்படமாட்டார். வணிகத்தில் உள்ள நாம் இதை அன்றாடம் பார்க்கிறோம். ஒரு லோடு அரிசி வேண்டுமென்றால் ஒரு போன் போதும், மறுநாள் காலையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் லாரி ஏறிவிடும். பழைய குக்கருக்குக் கேஸ்கட், நின்றுபோன கம்பெனியின் மிக்ஸிக்கு ஒரு ஜார் வளையம் என்றால் நான்கு ஊர் தேட வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட அச்சாணிப் பொருள் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அது மின்சார பாஸ் கித்தாரின் ‘பிக்கப்’ மூடி. மளிகைக்கும் கித்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். பொருளில் சம்பந்தம் இல்லை. தேடிக் கொடுக்கும் முறையில் சம்பந்தம் உண்டு. “இல்லை” என்று ஒரே சொல்லில் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதா, தேடிக் கொடுத்து அவரை நம்மவராக வைத்துக்கொள்வதா என்ற கேள்வி எல்லாக் கடைக்கும் பொது.

மூடியின் வேலை என்ன?

சினிமாப் பாட்டில் மேளத்தோடு ஒட்டி ‘தும் தும்’ என்று அடியில் ஓடும் நாதம் பெரும்பாலும் பாஸ் கித்தாருடையது. பொதுவாக நான்கு தடித்த கம்பிகள் இருக்கும். நம் பக்கத்துத் தேவாலயப் பாடற்குழுக்களிலும், கல்யாண மேடைக் கச்சேரிகளிலும் இதைக் காணலாம்.

கம்பிகளுக்குக் கீழே, கித்தாரின் உடலில் குழி வெட்டி ஒரு சிறு பெட்டி பதித்திருப்பார்கள். அதுதான் பிக்கப். உள்ளே காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது, இந்தச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஒலிக்கச் செய்கிறது.

அந்தச் செப்புச் சுருளைக் காப்பது மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி. காந்தப் புலம் பிளாஸ்டிக்கைத் தாண்டிச் செல்லும் என்பதால், மூடி இருப்பதால் நாதம் குறையாது. மூடி உடைந்தாலும் கித்தார் அன்றைக்கு வாசிக்கும். ஆனால் விரல் நகம், வியர்வை, தூசு எல்லாம் நேரே சுருளில் படும். ஒரு சுற்று அறுந்தால் போதும், சத்தம் நின்றுபோகும். பிறகு சுருள் முழுவதையும் புதிதாகச் சுற்ற வேண்டும். அதற்கான ஆளோ மூடி விற்கிறவரைவிட அரிது. கோத்தகிரி போல ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் நிற்கும் ஊரில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். காந்தத் தண்டுகளில் துரு ஏறும். சில நூறு ரூபாய் மூடியைக் கவனிக்காமல் விட்டால், பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் பரணுக்குப் போகிறது.

செய்தவரே செப்பனிட்ட காலம்

இந்த மலையில் இசைக் கருவிக்கு உதிரி தேடுவது எப்போதும் இப்படி இருந்ததில்லை. நம் ஊர்ப் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். கொல்லு வேலை, தச்சு வேலை, மண்பாண்டம், தோல் வேலை ஆகிய அத்தனையும் அறிந்த மக்கள் அவர்கள். ‘கொள்’ என்னும் குழல் வாத்தியமும், கொம்பும், முழவுகளும் அவர்களுடைய இசை. வாத்தியத்தை வாசித்தவர்களும் செய்தவர்களும் செப்பனிட்டவர்களும் அதே மக்கள்தாம்.

படகர் வீடுகளுக்குக் கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் பானைகளும் கொடுத்தார்கள். சாவு வீட்டில் இசை வழங்கினார்கள். பதிலுக்குப் படகர்கள் தானியம் கொடுத்தார்கள். ரொக்கம் இல்லாத வாணிபம் அது. அரிவாள் மழுங்கினால் புது அரிவாள் தேடிப் போக வேண்டியதில்லை, செய்தவர் அடுத்த ஊரிலேயே இருந்தார். 1930களை ஒட்டி அந்தப் பரிமாற்றம் பெருமளவு தளர்ந்துவிட்டது. கடைச் சரக்கு மலை ஏறியபின், செய்தவர் ஒரு நாட்டில், வாங்குகிறவர் ஒரு மலையில் என்றாயிற்று. அந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர் வணிகர். செய்தவரின் இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் அதனால் நம்மிடம் வந்தது.

மூன்று குடும்பங்கள்

“பாஸ் கித்தார் மூடி ஒன்று” என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் சரியாகக் கொடுக்க முடியாது. “பருப்பு ஒரு கிலோ” என்று மட்டும் கேட்பது போன்றது அது. துவரையா, பாசியா, உளுந்தா என்று தெரிய வேண்டும். இதிலும் மூன்று முக்கியக் குடும்பங்கள் உண்டு.

முதலாவது பிரிசிஷன் வகை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பாஸ் கித்தாரின் பெயர் இது. 1957 முதல் இதன் பிக்கப் இரண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருக்கிறது. எனவே மூடியும் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் நீளம், 28 மில்லிமீட்டர் அகலம்.

இரண்டாவது ஜாஸ் வகை. 1960இல் வந்தது. ஒல்லியான நீண்ட பிக்கப்கள் இரண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் பெரும்பாலான கித்தார்களில் இரண்டும் ஒரே நீளம் அல்ல. கழுத்துப் பக்கம் உள்ளது ஏறத்தாழ 92 மில்லிமீட்டர். பின்பக்கம் உள்ளது அதைவிடச் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல். எல்லாரும் இடறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, சோப்புக் கட்டி போல நாற்புறமும் மூடியிருக்கும் வகை. ஆங்கிலத்திலும் ‘சோப்பார்’ என்றே பெயர். மேலே துளை இருக்காது. இவற்றில் பலவற்றை உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். மூடியைத் தனியே கழற்ற முயன்றால் சுருளும் கூட வந்துவிடும். இதற்கு மூடி தேடுவதைவிட முழுப் பிக்கப்பை மாற்றுவதே மேல் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அளவு எடுத்தபின்பே ஆர்டர்

இதில் எங்கள் அனுபவம் ஒன்றையும் சொல்லலாம். கோத்தகிரியில் ஒரு தேவாலயப் பாடற்குழு இளைஞர்கள் எங்கள் மண்டிக்கு ஒரு பாஸ் கித்தாரை எடுத்து வந்தார்கள். ஜாஸ் வகை; இரண்டு மூடியும் உடைந்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. கீழே ஒரு கடையில், “இதுக்கெல்லாம் தனியா வராது, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டார்களாம். “ஐயா, உங்க வண்டி கோயமுத்தூர் போகுதே, எங்கயாவது விசாரிச்சுப் பாருங்களேன்” என்றார் அவர்களில் ஒருவர்.

எங்களுக்குக் கித்தாரைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் உதிரிப் பொருளுக்கு அளவு முக்கியம் என்பது தெரியும். பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் ஃபிட்டரிடம் வெர்னியர் இருந்தது. அவரை அழைத்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, நீளம், அகலம், உயரம், துளைகளின் இடைவெளி, திருகாணிக் காதுகளின் இடைவெளி என்று ஐந்து அளவையும் தாளில் எழுதினோம். முன்மூடி, பின்மூடி என்று தனித்தனியே எழுதினோம். அட்டையில் உருவம் வரைந்து வெட்டியும் வைத்துக்கொண்டோம்.

சரக்கு அனுப்பியவர் இரண்டையும் ஒரே நீளத்தில் அனுப்பிவிட்டார். பின்மூடி உட்காரவில்லை. ஆர்டர் தாளில் அளவு எழுதியிருந்ததால் வாக்குவாதம் இல்லாமல் மாற்றிக் கொடுத்தார். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் யார் சொன்னது சரி என்று சண்டைதான் மிஞ்சியிருக்கும். அந்த இளைஞர்களின் வீட்டுச் சாமான் சீட்டு அதன்பின் எங்கள் பகுதிச் சில்லறைக் கடைகளுக்கே வந்தது என்பது இதில் கிடைத்த லாபம். மூடியில் கிடைத்த லாபம் ஒரு டீச் செலவுக்குக்கூடக் காணாது.

அளவு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். திருகாணியைக் கழற்றியபின் மூடியை நேர் மேலாக, மெதுவாக எடுக்க வேண்டும். பல பிக்கப்களில் சுருளை மெழுகில் தோய்த்திருப்பார்கள். மூடி ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. தின்னர், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது. நான்கு கம்பியா, ஐந்து கம்பியா என்று எழுத வேண்டும். பழைய மூடியை வீசிவிடாமல், உடைந்திருந்தாலும் மாதிரியாக வைத்திருக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது. 1842இல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கியது. மும்பையில் ஃபர்ட்டாடோஸ் 1865 முதல் நடக்கிறது. கொல்கத்தாவில் லால்பஜார் பக்கம் வாத்தியக் கடைகள் வரிசையாக உண்டு. கித்தார் செய்யும் தொழிலுக்கும் அந்த நகரம் பேர் பெற்றது. இணைய வணிகத்திலும் மூடிகள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், அளவைப் பார்த்து வாங்குகிறவர் குறைவு. அளவுத் தாளோடு போகிறவருக்கு எந்தக் கடையும் ஒன்றுதான்.

எங்கும் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். கடினமான மரத்தில் கடைந்து, மெருகிட்ட மூடிகளை விரும்பிப் போடுகிறவர்கள் உண்டு. நல்ல தச்சர் போதும். த்ரீ-டி பிரிண்ட் முறையிலும் ஒற்றை மூடி செய்யலாம். அதில் ஒரு எச்சரிக்கை: பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டை நெருங்கினாலே இளகும். மலையில் தாக்குப்பிடிக்கும், சமவெளி வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் வளைந்துவிடும். ஏ.பி.எஸ். கேட்டு வாங்குவது நல்லது. இரும்புத் தகட்டில் செய்யவே கூடாது. காந்தத்தோடு ஒட்டி நாதத்தைக் கெடுக்கும்.

அச்சு வார்ப்பில் செய்தால் ஒவ்வொரு மூடியும் மலிவு. ஆனால் அச்சுக்கு முதலில் பெருந்தொகை போட வேண்டும். பத்துப் பேருக்காக எவரும் அச்சு போடமாட்டார். பழைய மாடல்களுக்கு உதிரி கிடைக்காததன் காரணம் இதுதான். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கணக்கு ஒத்துவரவில்லை.

போலி முத்திரை பொறித்த மூடியை மட்டும் வாங்கவும் விற்கவும் வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனியின் குறியைப் பொய்யாகப் போட்ட பொருளை விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி குற்றம். வெற்று மூடியே போதும்.

நாம் செய்யக்கூடியது

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. உதிரியும் விவரமும் நுகர்வோருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வாத்தியங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கடைவீதியிலேயே மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று, கல்லாவில் ஒரு ‘கேட்ட பொருள்’ நோட்டு. இல்லாத பொருளை யார் கேட்டாலும் பெயர், அளவு, தேதி எழுதி வைப்பது. இரண்டு, ஒரு மாதிரிப் பெட்டி. உடைந்த மூடி, தேய்ந்த கேஸ்கட், பழைய வளையம் எல்லாம் சீட்டு ஒட்டி அதில் இருக்கட்டும். மூன்று, மாதம் ஒருமுறை நோட்டுகளைச் சங்கத்தில் ஒன்றுசேர்ப்பது. கோத்தகிரியில் ஒருவர், குன்னூரில் ஒருவர், ஊட்டியில் ஒருவர் கேட்டது தனித்தனியே ஒற்றைப் பொருள். சேர்த்தால் ஒரு டஜன். ஒற்றைக்கு அசையாத மொத்தக் கடைக்காரர் டஜனுக்குப் பார்சல் போடுவார்.

இந்த நோட்டுக்கு ஆகும் செலவு இருபது முப்பது ரூபாய். பெரிய கடைகளும் இணையமும் விலையில் நம்மை வெல்லலாம். ஐந்து அளவை எடுத்து, தாளில் எழுதி, “வந்ததும் சொல்லி அனுப்புகிறோம்” என்று முகம் பார்த்துச் சொல்வது தெருக்கோடிக் கடைக்காரரால்தான் முடியும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள், தம் கடையில் கடந்த மாதம் “இல்லை” என்று சொன்ன பொருள்களின் பட்டியலைக் கையில் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.