எழுத்துத் தெரியாதவருக்கும் ஒரு மும்பை வரைபடம்!

ஊர் வண்டியில் வந்து தாதரிலோ குர்லா டெர்மினசிலோ இறங்கும் நம்மவர்களுக்கு முதல் குழப்பம் மாட்டுங்காதான். மத்திய ரயில்வேயில் இருப்பது மாட்டுங்கா. மேற்கு ரயில்வேயில் இருப்பது மாட்டுங்கா ரோடு. பக்கத்திலேயே ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். "மாட்டுங்காவில் இறங்கி வந்துடு" என்று அண்ணன் சொல்லியிருப்பார். தம்பி மாட்டுங்கா ரோட்டில் இறங்கி மூட்டையும் கையுமாக நிற்பான். பெயர்ப் பலகையில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பதால் இப்படி நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கையில் செல்போன் இருக்கிறதே என்பீர்கள். ஒரு நாள் பயணம் முடிந்து இறங்கும்போது அதில் சார்ஜ் இருக்காது. இருந்தாலும், மகன் வீட்டுக்கு முதன்முறையாக வரும் எழுத்துத் தெரியாத தாயாருக்கு அது எதற்கு உதவும்?

இதற்காகத்தான் எங்கள் பகுதித் தமிழர் சங்கம் ஆண்டு மலரில் ஒரு படவரைபடம் போட முடிவு செய்தது. போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் வரைந்து வந்தார். கேட்வே ஆப் இந்தியா, தாஜ் ஓட்டல், மரைன் டிரைவ் விளக்குகள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாராவிக்குப் போகிறவருக்கு தாஜ் ஓட்டல் எப்படி வழி காட்டும்? போஸ்ட் கார்டைப் பார்த்து வரைந்தால் போஸ்ட் கார்டுதான் வரும்.

டப்பா மூடியில் பாடம்

அப்படியானால் எதைப் பார்த்து வரைவது? இந்த ஊரிலேயே விடை இருக்கிறது. டப்பாவாலாக்களின் சாப்பாட்டு டப்பா மூடியைப் பாருங்கள். முகவரி கிடையாது. வண்ணத்தில் சில குறிகள், ஓரிரு எழுத்துகள், எண்கள். அதிகம் படிக்காதவர்களும் அதை வைத்துச் சரியான நாற்காலிக்குச் சாப்பாட்டைக் கொண்டு போய்ச் சேர்க்கிறார்கள். லோக்கல் வண்டியில் பெண்கள் பெட்டியைக் காட்டுவதும் ஒரு பெண் முகப் படம்தானே!

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1969ல் மெக்சிகோ நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் நிலையத்துக்கு ஒரு படம் என்று வகுத்தார். சாபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. அந்தப் பெயருக்கு அவர்களுடைய பழைய மொழியில் 'வெட்டுக்கிளி மலை' என்று பொருள். "வெட்டுக்கிளியில் இறங்கு" என்றால் பிள்ளைகளுக்கும் புரியும். நமக்கும் இது பொருந்தும். சின்ச்போக்ளியில் வரும் 'சின்ச்' மராத்தியில் புளி. ஒரு புளியங்காயை வரைந்துவிட்டால் நம்மூர்ப் பாட்டியும் மறக்கமாட்டார்.

கோடுகளுக்கு லண்டனைப் பார்க்கலாம். அங்கே சுரங்க ரயிலின் சிக்னல் பிரிவில் வரைவாளராக இருந்தவர் ஹாரி பெக். 1933ல் அச்சான அவருடைய வரைபடத்தில் தண்டவாளத்தின் வளைவு நெளிவே இல்லை. மின்சுற்றுப் படம் போல எல்லாம் நேர்கோடு, சாய்கோடு. பயணிக்கு வேண்டியது எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதுதான் என்று அவர் நினைத்தார். அவரும் நம்மைப் போல ரயில்வேக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பெண்கள் சொன்ன அடையாளம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியரும் நானும் தெருத்தெருவாக நடந்தோம். வழி எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டோம். ஆண்கள் டீக்கடை, பஸ் ஸ்டாப் என்றார்கள். பெரியவர்கள் அரோரா தியேட்டர் என்றார்கள். பெண்கள் சொன்னதோ வேறு: மாவு மில், ரேஷன் கடை, குழாயடி, பிள்ளையார் கோவில். ஓவியரின் நோட்டு நிறைந்தது பெண்களால்தான். மாட்டுங்கா ரோட்டில் தவறி இறங்கியவனைக் காப்பாற்ற ஓவியர் அங்கேயே ஒரு படம் பிடித்தார். இரண்டு மாட்டுங்காவையும் இணைக்கும் நடைபாலம், ஆங்கில 'இசட்' எழுத்துப் போல மடங்கிக் கிடக்கிறது. படத்தில் அதைப் பெரிதாகப் போடச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. பூக்கடைக்குத் தாமரை வேண்டாம். மல்லிகைச் சரம் போடுங்கள். கிழக்கைக் காட்ட உதயசூரியனும், மரத்துக்கு இரண்டு இலையும், வழிகாட்டக் கையும் வேண்டவே வேண்டாம். மலர் வெளிவருமுன் சங்கம் நான்காகிவிடும்!

குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் வாழும் கும்பார்வாடாவுக்கு ஒரு பானை போதும் என்றேன். பானை எல்லாக் கடையிலும் தொங்குகிறதே என்றார் ஓவியர். சூளையின் கரும்புகையைத்தான் அவர் வரைந்தார். தாராவி மறுசீரமைப்புக்கு 2023ல் ஒப்பந்தம் முடிவாகிவிட்டது. இந்தத் தெருக்கள் எத்தனை நாள் இப்படியே இருக்குமோ? ஆகவே, அடுத்த ஆண்டுக்குக் காத்திராமல் இந்த மலரிலேயே படம் வருகிறது. ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறோம். வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டு வாசல் அடையாளத்தை அதில் வரைந்து, ஊருக்குத் தபாலில் அனுப்பலாம்.