ஒட்டுக்குச்சிக்கு விலை கிடையாது

நத்தம் வட்டாரத்தில் மாந்தோப்பு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சிறுமலை, கரந்தமலை, அழகர்மலை என்று சுற்றிலும் மலைகள். நடுவே செம்மண் காடு. மழையை நம்பி, கிணற்றை நம்பி, எல்லாவற்றுக்கும் மேலே மாரியம்மனை நம்பிப் பிழைத்த சனம். நெல்லுக்குத் தண்ணீர் போதாத இடத்தில் மாவும் புளியும் வைத்தார்கள். அப்படி மரம் வைத்தவர்களில் ஒருவர் எங்கள் ஐயா, என் அப்பாவைப் பெற்றவர்.

தோப்புக் காவலுக்குப் போனவர் அவர். அடுத்தவர் தோப்பில் இராக்காவல் இருந்துகொண்டே ஒட்டுக்கட்டப் பழகினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சொந்தமாக நிலம் வாங்கி, தன் கையால் ஒட்டிய கன்றுகளையே அதில் நட்டார். கல்லாமை, காசா லட்டு, செந்தூரம், சப்பட்டை, பங்கனப்பள்ளி. ஒவ்வொரு சாதிக்கும் தோப்பில் ஒரு மூலை. கல்லாமை விலை குறைந்த பழம், ஜூஸுக்கும் கூழுக்கும் போவது. அதற்காக அந்த மரங்களுக்குத் தண்ணீர் குறைத்து ஊற்றியவர் இல்லை.

ஒட்டுக்கட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையே அதில்தான் இருந்தது. நல்ல பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. தாய் மரத்தின் ருசி வேண்டுமானால் தாய் மரத்தின் கிளையே வேண்டும். பழைய முறை நெருக்கு ஒட்டு. சட்டியில் வளர்த்த நாட்டுக் கன்றைப் பரண் கட்டித் தாய் மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் ஏற்றி வைப்பார். இரண்டிலும் ஒரே அளவுக்குப் பட்டையைச் சீவி, சீவிய இடங்களைச் சேர்த்து வைத்து இறுக்கிக் கட்டுவார். இரண்டு மூன்று மாதம் பொறுத்து, ஒட்டு கூடிவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் கிளையை அறுப்பார். அதையும் ஒரே நாளில் அறுக்க மாட்டார். பாதி இன்றைக்கு, மீதி இன்னும் சில நாள் கழித்து. பிற்காலத்தில் இளங்குருத்திலேயே கட்டுகிற முறை வந்தது. கொட்டை முளைத்துச் செம்பு நிறத்தில் தண்டு எழும்போதே தலையை நறுக்கிப் பிளந்து, தாய் மரத்திலிருந்து வெட்டி ஆப்பாகச் சீவிய குச்சியைச் செருகிக் கட்டுவது. அதையும் வயதான காலத்தில் கற்றுக்கொண்டார். குச்சி வெட்டப் பத்து நாளைக்கு முன்பே அந்தக் கிளையின் இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் மொட்டு புடைக்கும். "அவசரப்பட்டு வெட்டுற குச்சி அடுத்தவன் காட்டுல போயி கருகும் தாயி, பழி நம்ம மரத்துக்கு வரும்" என்பார்.

ஆக, இன்றைக்கு நாம் தின்கிற ஒவ்வொரு காசா லட்டும் யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன குச்சியிலிருந்து வந்தது. நடுவில் ஒரு கை மூடிக்கொண்டால் அந்தச் சாதி அங்கேயே நின்றுபோகும்.

ஐயா கை மூடியதில்லை. பழத்துக்கு விலை பேசினால் கறாராகப் பேசுவார். ஒரு கூடைக்குக் கூட விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டுச் செலவிலும் அப்படித்தான். அப்பத்தா ஒரு சேலைக்கு எத்தனையோ நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் குச்சி கேட்டு யார் வந்தாலும் காசு வாங்கியதில்லை. கன்று வியாபாரம் செய்கிறவர்கள் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று வந்தபோதும் அதே பதில்தான். "பழம் நான் தண்ணி ஊத்துனது. குச்சி ஆத்தா குடுத்தது. அதுக்கு நான் யாரு வெலை சொல்ல?"

ஆத்தா என்றால் நத்தம் மாரியம்மன். மாசித் திருவிழா வந்தால் ஐயா வேறு ஆள். கொடியேறிய மறுநாள் கரந்தமலைக் கன்னிமார் தீர்த்தம் எடுத்து வந்து, மஞ்சள் உடுத்திக் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து 15 நாள் விரதம். கழுமரம் ஏறுவதும் பூக்குழி இறங்குவதும் முடிந்து, அம்மன் பூப்பல்லக்கில் ஊரைச் சுற்றி வரும்வரை நத்தத்தில் வேறு பேச்சு இருக்காது. அதே மாசியில்தான் மரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கும். ஒரு மூடுபனி, காலம் தப்பி ஒரு மழை, தத்துப்பூச்சி விழுந்த ஒரு வாரம் போதும். வருடத்து வருமானம் கருகிக் கொட்டிவிடும். விவசாயிக்கு வயிற்றில் நெருப்பு இருக்கிற மாதத்தில் விழா வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. ஐயா காலையில் குளித்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே தோப்புக்குப் போவார். மஞ்சள் வேட்டியோடு மரம் மரமாகப் பூவைப் பார்த்துக்கொண்டு நடப்பார். சாமி கும்பிடுவதற்கும் மரம் பார்ப்பதற்கும் அவர் நடையில் வித்தியாசம் தெரியாது.

காவல் கொட்டகையில் அவர் சொன்ன கதைகளில் ஒன்று நத்தம் கணவாய்க் கதை. 1755-ல் கர்னல் ஹெரானின் கும்பினிப் படை திருமோகூர்க் கோயில் படிமங்களைக் கொள்ளையிட்டுத் தூக்கிப் போனபோது, இந்தக் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கிப் படிமங்களை மீட்டது சரித்திரம். ஐயா அதைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை; அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். தன் ஊருக்கு நடந்த சொந்த விஷயமாகச் சொல்வார். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆன பிறகும் அவருக்கு நத்தம் மதுரை ஜில்லாதான். பழம் போனதும் மதுரை யானைக்கல் கமிஷன் கடைகளுக்குத்தான்.

சில வருடங்கள் தோப்பைக் குத்தகைக்கு விட்டார். எடுத்தவர் ஊரில் பழ வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர். இருவரும் ஒருவரை ஒருவர் "மாமா" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பூப்பிடிக்கும் முன்பே காய்ப்பை மதிப்புப் போட்டுப் பணம் கைமாறும், பத்திரம் கிடையாது. காய்ப்பு பொய்த்த ஒரு வருடம் ஐயா பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கறாரான மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று அப்பாவைக் கேட்டேன். "வெளையாத காய்க்கு எப்படிக் காசு வாங்குறது? அதான் அவரு கணக்கு" என்றார். அவர் கணக்கில் தர்மம் தனிப் பத்தி இல்லை.

மாம்பழக் காசில்தான் வீடு நடந்தது. 1947-ல் சௌந்தரம் அம்மா தொடங்கிய காந்திகிராமத்துக்கு அத்தையைப் படிக்க அனுப்பினார். வயசுக்கு வந்த பிள்ளையை வெளியூர் அனுப்புவதா என்று சொந்தத்தில் சிலர் பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள். அவர் பதில் பேசவில்லை. மாடு ஒன்றை விற்றுச் செலவுக்குக் கொடுத்தார். சித்தப்பாவுக்குத் தோப்பில் மனம் நிற்கவில்லை. நத்தத்தில் ரெடிமேட் சட்டைத் தையல் பரவிய காலம். இரண்டு மெஷின் வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்டபோது ஐயாவுக்கு முகம் வாடியது என்று அப்பத்தா சொல்வார். ஆனாலும் கொடுத்தார். மரத்தை மகன்மேல் கட்டாயமாகக் கட்டவில்லை என்பதை நான் அவருடைய பெரிய குணமாக நினைக்கிறேன்.

ஐயா போன பிறகு 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. வேதாரண்யத்தில் கரையேறி, புதுக்கோட்டையைச் சூறையாடி, எங்கள் மாவட்டத்துக்குள்ளும் புகுந்தது. விடிந்து பார்த்தால் ஐயா குச்சி எடுத்துக் கொடுத்துவந்த காசா லட்டுத் தாய் மரம் வேரோடு கிடந்தது. தோப்பில் அந்தச் சாதியில் அப்போது நின்ற மரம் அது ஒன்றுதான். அப்பா அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊரில் துக்கம் கேட்பதுபோல் ஆட்கள் வந்தார்கள். செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நெடுநேரம் மரத்தைச் சுற்றி வந்துவிட்டு, "இதோட பிள்ளைக நாலு எங்க காட்டுல நிக்கிதுப்பா. உங்கப்பா குடுத்த குச்சி. எப்ப வேணும்னாலும் வந்து வெட்டிக்க" என்றார். அப்பா போனார். குச்சிக்குப் பணம் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்கப் பெரியவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒட்டுகள் இப்போது காய்க்கின்றன.

இதை எழுதக் காரணம் உண்டு. கிலோவுக்குச் சில ரூபாய்கூடக் கிடைக்காமல் பழத்தைச் சாலையோரம் கொட்டுகிற வருடங்கள் வருகின்றன. கூழ் ஆலை வேண்டும் என்று நத்தம் விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். மனம் வெறுத்துத் தோப்பை வெட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய கல்லாமை, சப்பட்டை, காசா லட்டு, பெயர் தெரியாத நாட்டு மரம் எதுவானாலும், வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பு பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும் ஒட்டுக்கட்டத் தெரிந்தவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் வந்து இலை கிள்ளி, மொட்டுப் புடைத்ததும் குச்சி எடுத்துக்கொள்ளட்டும். அதற்குக் காசு வாங்காதீர்கள்.